கைக்குறி பெட்டிக்குத் துப்பாக்கி ஆட்டம்: பழைய சரக்கைத் தள்ளியது யார் குற்றம்?

டி.வி.க்கு முன்னால் நாற்காலியை ஒதுக்கிவிட்டுக் கையை வீசி ஆடும் விளையாட்டுப் பெட்டி ஒன்று 2006 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பெயர் 'வீ'. ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி சரக்கு. விலை 250 டாலர். தாத்தா பாட்டி கூட அதைக் கையில் பிடித்து டென்னிஸ் ஆடினார்கள். உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் விற்றது. அடித்தது யோகம்!

மற்ற பெட்டிகளில் ஓடிய துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களை இதற்கும் மாற்றிக் கொண்டு வந்தார்களே, அது தேவைதானா? "வீண் வேலை" என்று அன்றைக்கே பலர் கையை விரித்தார்கள்.

வீண் வேலை அல்ல. செய்த விதம்தான் வீண்.

மெழுகுவர்த்தி சங்கதி

துப்பாக்கி ஆட்டத்தில் உயிர்நாடி எது? குறி. மற்றப் பெட்டிகளில் கட்டை விரலால் ஒரு சின்னக் குச்சியைத் தள்ளித் தள்ளித்தான் குறி வைக்க வேண்டும். பழகாதவன் தள்ளினால் குறி வானத்துக்குப் போகும், இல்லாவிட்டால் தரைக்குப் போகும். எதிரி வந்து சுட்டுவிட்டுப் போயே போய்விடுவான்!

'வீ'யில் அந்தத் தொல்லை இல்லை. கைக்கருவியைத் திரைக்கு நேரே நீட்டினால் போதும். கருவியின் முனையில் ஒரு குட்டிக் காமிரா. டி.வி.க்குப் பக்கத்தில் வைக்கும் பட்டையின் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள். காமிரா அந்த விளக்குகளைப் பார்த்துக் கை எங்கே நீட்டியிருக்கிறது என்று கணக்குப் போடும். அவ்வளவுதான் ரகசியம். பட்டைக்குப் பதில் இரண்டு மெழுகுவர்த்தியைத் தள்ளித் தள்ளி ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

கை வலிக்குமே என்பார்கள். கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதே இல்லை. மணிக்கட்டைத் தொடையில் வைத்துக்கொண்டே ஆடலாம்.

ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டாம். ஆள் சட்டென்று பின்னால் திரும்ப வேண்டுமென்றால் குறியைத் திரையின் ஓரம் வரை தள்ள வேண்டும். அதற்குள் நேரம் ஓடிவிடும். 2009-ல் வந்த 'தி காண்டியூட்' ஆட்டம் இதற்கு வழி கண்டது. திரும்பும் வேகம், எவ்வளவு தள்ளினால் திரும்புவது என்பதையெல்லாம் ஆடுகிறவரே தன் கைக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். மனசு வைத்தால் முடிகிற காரியம்தான்.

நல்லபடி செய்தவர்கள்

கேப்காம் கம்பெனியின் 'ரெசிடெண்ட் ஈவில் 4' 2005-ல் வேறொரு பெட்டிக்கு வந்த ஆட்டம். 2007-ல் அதையே 'வீ'க்குக் கைக்குறியோடு மாற்றினார்கள். பழசு என்பதால் அமெரிக்காவில் 30 டாலருக்கே கொடுத்தார்கள். 10 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. நிண்டெண்டோவும் 2002, 2004-ல் வந்த இரண்டு 'மெட்ராய்டு பிரைம்' ஆட்டங்களை 2009-ல் கைக்குறிக்கு மாற்றி, மூன்றாவதையும் சேர்த்து ஒரே தட்டில் விற்றது. பழைய ஆட்டம்தான். ஆனால் கைக்குப் புதுசு!

கழுதை தேய்ந்த கதை

இப்போது எதிர்க் கதையைப் பாருங்கள். 'கால் ஆஃப் டூட்டி 4' மற்றப் பெட்டிகளுக்கு 2007 நவம்பரில் வந்துவிட்டது. 'வீ'க்கு? 2009 நவம்பர் 10! அன்றைக்குத்தான் மற்றப் பெட்டிகளில் அதன் அடுத்த பாகம் ரிலீஸ். அது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் நாளே 47 லட்சம் பிரதிகள் விற்றது. ஊரே புதுப்படத்துக்குக் கியூவில் நிற்க, 'வீ' வைத்திருந்தவன் கையில் இரண்டு வருஷப் பழைய படத்துக்கு டிக்கெட்!

படமும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். 'வீ'யின் நினைவகம் 88 மெகாபைட். போட்டிக்கு நின்ற எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 512. என்ன செய்வார்கள் பாவம், வெட்டிச் சுருக்கித்தான் நுழைத்தார்கள். அதைக் கூட மன்னித்துவிடலாம். அந்த ஆட்டத்திலும் கைக்குறி நன்றாகவே வேலை செய்தது. மன்னிக்க முடியாதது அந்த இரண்டு வருஷத் தாமதம்.

இவ்வளவுக்கும் பிறகு, "'வீ' வாங்கியவர்கள் துப்பாக்கி ஆட்டம் வாங்குவதில்லை" என்று ஒரு நியாயம் வேறு பேசினார்கள். புழுங்கின அரிசியைக் கடையில் வைத்துக்கொண்டு, வந்தவனுக்கு அரிசியே பிடிக்கவில்லை என்று சொல்லுகிற கடைக்காரரை எந்த ஊரில் ஒப்புக்கொள்வார்கள்? வாங்குகிறவன் கொடுப்பது நல்ல பணம்.

மறுபடியும் அதே கேள்வி

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2025 ஜூனில் நிண்டெண்டோவின் 'ஸ்விட்ச் 2' வந்தது. அதன் கைக்கருவியை ஆட்டியும் குறி வைக்கலாம், மேஜை மேல் படுக்க வைத்து மவுஸ் மாதிரி நகர்த்தியும் குறி வைக்கலாம். 2023-ல் ஆக்டிவிஷனை வாங்கிய மைக்ரோசாஃப்ட், அதே வருஷம் பிப்ரவரியில் நிண்டெண்டோவோடு 10 வருஷ ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 'கால் ஆஃப் டூட்டி' ஆட்டங்கள் எக்ஸ்பாக்ஸுக்கு வரும் அதே நாளில், எதுவும் குறையாமல் நிண்டெண்டோவுக்கும் வரும் என்பது அப்போது கொடுத்த வாக்கு.

அதே நாள், குறையாத சரக்கு. கூடவே கைக்குறியையும் முதல் நாளே ஒழுங்காகப் பொருத்திக் கொடுத்தால், வாங்குகிறவன் ஏன் முகம் சுளிக்கப் போகிறான்?