பெருசா... இளசா? ஹாக்கி டீமுக்கு எது வேணும்? - ஓர் அலசல்

கோவில்பட்டி: ஒரு டீம் வரிசையாக ரெண்டு மேட்ச் தோற்றால் போதும், கேலரியில் இருந்து முதலில் வரும் குரல், "பெருசுகளைத் தூக்கிட்டு பசங்களை இறக்குங்கப்பா!" என்பதுதான்.

'ஹாக்கிப்பட்டி' என்றே பேர் வாங்கிவிட்ட நம்ம ஊரில் இந்தக் குரல் கொஞ்சம் கூடுதல் சத்தமாகக் கேட்கும். காரணம் இருக்கிறது. இங்குள்ள அரசு விளையாட்டு விடுதியில் பயிற்சி எடுத்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூர்க்காரரான கார்த்தி செல்வமும் இந்திய அணி வரை போய்விட்டார்கள். அடுத்தது யார் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு.

ஆசையில் தப்பில்லை. ஆனால் சீனியர்களை மொத்தமாக வெளியே அனுப்பினால் பசங்களுக்கு வழி பிறந்துவிடுமா? நடந்த கதைகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஜகார்த்தாவில் என்ன நடந்தது?

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 வருஷத்துக்குப் பிறகு இந்தியா வெண்கலம் வென்றது. அடுத்த மாதமே ரூபிந்தர் பால் சிங், பிரேந்திர லக்ரா இருவரும் ஓய்வை அறிவித்தார்கள்.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசிய கோப்பை. முன்னணி வீரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இளம் அணியை அனுப்ப முடிவானது. அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓய்வு பெற்றுப் போன லக்ராவையே கூப்பிட்டு கேப்டன் ஆக்கினார்கள். துணை கேப்டன், இன்னொரு சீனியர் எஸ்.வி.சுனில்.

மாரீஸ்வரனும் கார்த்தியும் அறிமுகமானது இந்தத் தொடரில்தான். பாகிஸ்தானுடன் முதல் மேட்ச். 9-வது நிமிஷத்திலேயே கார்த்தி பேரில் கோல். அந்த ஒரு கோலை வைத்தே கடைசி வரை ஓட்டிவிடலாம் என்று இருந்தபோது, 59-வது நிமிஷத்தில் பாகிஸ்தான் கோல் அடித்துவிட்டது. கையில் இருந்த வெற்றி போச்சு. அடுத்த சுற்றுக்குப் போக இந்தோனேசியாவை 16-0 என்று நொறுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் வெண்கலம் கிடைத்தது.

ஓடுவதற்கு பசங்களுக்கு கால் இருக்கிறது. கடைசி ரெண்டு நிமிஷம் பந்தைப் பிடித்து வைத்து நேரத்தை நகர்த்தும் நிதானம் ஆடி ஆடித்தான் வரும். லக்ராவும் சுனிலும் இருந்தே அந்த கோல் விழுந்தது. ஆக, பேருக்கு ரெண்டு சீனியர் இருந்தால் பத்தாது.

பத்தும் ஜெயிச்சது, அஞ்சும் ஜெயிச்சது

அப்படியானால் எத்தனை பேர் சீனியர், எத்தனை பேர் ஜூனியர்?

டோக்கியோவுக்குப் போன 16 பேரில் 10 பேருக்கு அதுதான் முதல் ஒலிம்பிக். 2024 பாரிஸ் அணியில் முதல் ஒலிம்பிக் ஆடியவர்கள் 5 பேர் மட்டுமே. ரெண்டு தடவையும் வெண்கலம்தான்! ஆக, எண்ணிக்கையில் சூட்சுமம் இல்லை. எந்த இடத்தில் யார் நிற்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரெண்டு அணியிலும் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ். நடுவில் மன்பிரீத் சிங். பெனால்டி கார்னர் அடிக்க ஹர்மன்பிரீத் சிங். முதுகெலும்பு மாறவில்லை. சுற்றிலும் புதுசு வந்தது.

ரூபிந்தர் ஓய்வு பெற்றபோது பெனால்டி கார்னருக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் பக்கத்திலேயே நின்று ஆடிய ஹர்மன்பிரீத் தயாராக இருந்தார். பாரிஸில் 10 கோல் போட்டதும் அவர்தான்.

இதற்கு நேர் எதிர் கதையும் பாரிஸிலேயே நடந்தது. பெனால்டி கார்னரைத் தடுக்க முதல் ஆளாகப் பாய்கிறவர் அமித் ரோஹிதாஸ். கிரேட் பிரிட்டனுடன் காலிறுதியில் 17-வது நிமிஷத்தில் சிவப்பு அட்டை வாங்கினார். மிச்ச நேரம் பூராவும் 10 பேராக நின்று ஷூட்-அவுட்டில் ஜெயித்தார்கள். ஆனால் ஜெர்மனியுடனான அரையிறுதியில் ரோஹிதாஸ் ஆட முடியவில்லை. 2-3 என்று தோல்வி. அந்த ஒரு மேட்ச்சை அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முக்கியமான வேலைக்கு ஒரே ஆளை நம்பினால் இதுதான் ஆபத்து.

டிராகன்ஸ் கணக்கு

இப்போது நம்ம 'தமிழ்நாடு டிராகன்ஸ்' கதைக்கு வருவோம். 2017-க்குப் பிறகு நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. அதற்கு முன் அக்டோபரில் நடந்த ஏலத்தில் விதி இதுதான்: ஒரு டீமுக்கு 24 பேர். குறைந்தது 16 பேர் இந்தியர், அதில் 4 பேர் கட்டாயம் ஜூனியர். வெளிநாட்டுக்காரர் 8 பேர். செலவு செய்ய ரூ.4 கோடி.

டிராகன்ஸ் அணி நெதர்லாந்தின் ஜிப் யான்சனுக்கு ரூ.54 லட்சம், ரோஹிதாஸுக்கு ரூ.48 லட்சம் கொடுத்தது. ரெண்டே பேருக்கு கால்வாசிப் பணத்துக்கு மேல் போய்விட்டது. அந்த சீசனில் நாலாவது இடம்.

இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. பெனால்டி கார்னரும் டிஃபென்ஸும் அனுபவசாலிகள் வேலை. விதியில்தான் ஓட்டை. 4 ஜூனியர்களை வாங்கணும் என்று சொன்ன அந்த ஏலத்தின் விதி, அவர்களை எத்தனை நிமிஷம் ஆட வைக்கணும் என்று சொல்லவில்லை. 19 வயதில் ஒரு சீசன் முழுக்க பெஞ்ச்சில் உட்கார்ந்தால் அந்த வருஷம் திரும்பி வராது. ரயில்வே, வங்கி, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை நம்பி விடுதியில் சேருகிற பையனுக்கு இது வயிற்றுப் பிரச்னை.

வழி என்ன?

ஹாக்கியில் ஒரு வசதி இருக்கிறது. 15 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர். ஆளை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகலாம். அதனால் பெருசா, இளசா என்று ஒருத்தரை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. முதல் மூணு குவார்ட்டரில் பசங்களை ஓட விட்டு, இழுபறியான கடைசி நேரத்தில் சீனியரை நிறுத்தலாம்.

கோல் கீப்பர் இடத்தில்கூட இந்தியா இதைச் செய்தது. லீக் மேட்ச்களில் ஸ்ரீஜேஷும் கிரிஷன் பதக்கும் குவார்ட்டருக்கு குவார்ட்டர் மாறி நின்றார்கள். அதனால் ஸ்ரீஜேஷ் பாரிஸோடு விடைபெற்றபோது பதக் கைப்பிள்ளையாக இல்லை.

ஸ்ரீஜேஷ் அடுத்து ஜூனியர் அணிக்கே பயிற்சியாளர் ஆனார். 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட்-அவுட்டில் மடக்கிய கோல் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங், அவர் பயிற்சியில் வந்தவர். இந்தியாவுக்கு வெண்கலமும் கிடைத்தது.

டீமைப் புதுசாகக் கட்ட நினைப்பவர்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு சீனியர் பக்கத்திலும் ஒரு பையனை இப்போதே நிறுத்துவதுதான். அடுத்த ஏலம் நடக்கும்போது நம்ம பையன் எத்தனை லட்சத்துக்குப் போனான் என்று எல்லாரும் கேட்போம். அதோடு எத்தனை நிமிஷம் ஆடினான் என்றும் கேட்டுப் பழகணும்.