தீராத சளியா, ஒவ்வாமையா?

ஜூன் மாத மழை தொடங்கினால் மும்பை குர்லாவின் நெருக்கமான ஒற்றை அறை வீடுகளில் சுவர்கள் ஓதம் காக்கின்றன. காலையில் எழுந்ததும் குழந்தைக்கு அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீராக ஒழுகல். சளி என்று நினைத்து மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கும் பெற்றோர் பலர்.

சாதாரண சளி பெரும்பாலும் பத்து நாட்களில் அடங்கிவிடும். காய்ச்சலின்றி, மூக்கில் அரிப்போடு வாரக்கணக்கில் நீடித்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் இதற்குப் பயன்படாது. தலையணையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி, ஈரச் சுவரின் பூஞ்சை, கரப்பான் பூச்சியின் கழிவு ஆகியவற்றை எதிரியாகக் கருதி உடல் ஹிஸ்டமினை வெளியிடுவதே காரணம். கொசுவத்திப் புகையும் பீடிப் புகையும் தொல்லையைக் கூட்டும்.

எனவே சிகிச்சை படுக்கையில் தொடங்குகிறது. விரிப்புகளையும் உறைகளையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். கொசுவத்திக்குப் பதில் வலை கட்டலாம். அதிகம் தூக்கம் வரவழைக்காத செட்டிரிசின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். தொல்லை நீடித்தால் ஸ்டீராய்டு ஸ்பிரே. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. சொன்ன அளவில் பயன்படுத்தினால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. முழுப் பலன் தெரியச் சில நாட்களாகும். அதற்குள் நிறுத்திவிடக் கூடாது.

கடையில் கேட்டு வாங்கும் மருந்துகளில்தான் ஆபத்து. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் எச்சரித்தது.

இரவில் இருமலும் இழுப்பும் சேர்ந்தால் தாமதம் கூடாது. மூக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் பல குழந்தைகளிடம் சேர்ந்தே இருக்கின்றன.