பஹாய் நோன்பும் நம் ஒருசந்தியும்

‘பஹாய்களும் இயேசுவை ஏற்கிறார்களே, பின் என்ன வேறுபாடு?’ என்று மதுரைப் பொதுநிலையினரிலேயே சிலர் கேட்கின்றனர். ஏற்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு அவர் இறைவெளிப்பாடுகளுள் ஒருவர். அவருக்குப் பின்னும் வெளிப்பாடுகள் உண்டு, பஹாவுல்லா (1817–1892) உட்பட. நமக்கோ அவர் மனுவுருவான வார்த்தை, நற்கருணையில் மெய்யாகவே பிரசன்னமாயிருப்பவர். இதை மழுப்புவது நட்பாகாது. 1606இல் இம்மதுரைக்கு வந்த தத்துவ போதகர் நொபிலி உடையை மாற்றினார், உணவை மாற்றினார். விசுவாசப் பிரமாணத்தை மாற்றவில்லை.

ஆயினும், மார்ச்சில் 19 நாள், சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரை அவர்கள் தண்ணீரும் அருந்துவதில்லை. நமக்குக் கட்டளையான ஒருசந்தியோ இரண்டே நாள்: விபூதிப் புதன், பெரிய வெள்ளி. அதையும் வேலைப்பளுவைச் சாக்கிட்டுத் தட்டிக்கழிப்போர் பஹாய்களிடம் வாதாடப் போகவேண்டாம்.