யாருடைய சுமை குறைகிறது?

கஅபாவுக்கு நடந்தே செல்வதாக நேர்ந்துகொண்ட முதியவர் ஒருவர், தம் இரு மகன்கள் தாங்கிப்பிடிக்கத் தள்ளாடி நடந்தார். அவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், அவரை வாகனத்தில் ஏறுமாறு பணித்தார்கள். அவ்வாறெனில், தர்மத்திற்காக நெடுந்தொலைவு நடப்பதும் வீண் வதைதானா?

2011இல் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, 'ட்ரெயில்' குழுவினர் 27 நாள்களில் ஏறத்தாழ 670 கி.மீ. நடந்தனர். தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதே நோக்கம். போர் முடிந்து ஈராண்டே ஆகியிருந்தது. 2016இல் காலி கராப்பிட்டிய புற்றுநோய் மருத்துவமனைக்காக வடக்கிலிருந்து தெற்கே நடந்தனர். காலில் எழுந்த கொப்புளங்கள் அவர்களின் நோக்கமல்ல. நோயாளியின் கட்டிலே நோக்கம். வேறுபாடு இதுதான்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. சிப்காட் ஆலைகளில் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளரும் உண்டு. நம் இளைஞர்களும் இத்தகைய நடைக்கு முன்வரட்டும். ஆனால் முதல் அடிக்கு முன் ஒரு கேள்வி: இதனால் யாருடைய சுமை குறையும்? அதற்கு விடையில்லையெனில், பனியனும் புகைப்படமுமே மிஞ்சும்.

மொழி தெரியாத ஒரு தொழிலாளியுடன் அரசு மருத்துவமனை வரிசையில் பகல் முழுவதும் நிற்பதற்கும் பொறுமை வேண்டும். அங்கே கைதட்ட யாருமில்லை. அல்லாஹ் அறிவான், அது போதும்.