நோய் மீனிலா, நீரிலா?

ஞாயிறு காலையில் வடகொல்கத்தாவின் காலிஃப் தெருச் சந்தைக்குக் குழந்தைகளுடன் சென்றவர்கள் வெறுங்கையுடன் திரும்புவது அரிது. சென்னைக் கொளத்தூரின் மீன்கடைகளைக் கண்டவர்களுக்கும் இச்சந்தை வியப்பூட்டும். நீரும் காற்றும் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் தங்கமீனும் கப்பியும் ஏஞ்சலும் வரிசையாகத் தொங்குகின்றன. பை குழந்தையின் கையிலும், கண்ணாடித் தொட்டி தந்தையின் மடியிலுமாக லேக் மார்க்கெட் பக்கத்து நம் இல்லங்களுக்கு வந்து சேர்கின்றன. அன்று மாலையே தொட்டியில் நீர் நிரம்பி, மீன்களும் குடியேறிவிடுகின்றன.

பத்து நாட்கள் கழித்துத் தொல்லை தொடங்குகிறது. மீன்கள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொள்கின்றன, இரையைத் தொடுவதில்லை. குழந்தை அழுகிறது. தந்தை கடைக்கு ஓடி நீல மருந்து ஒன்றும் மஞ்சள் மருந்து ஒன்றும் வாங்கிவந்து இரண்டையும் ஊற்றுகிறார். மறுநாள் காலையில் இரண்டு மீன்கள் இறந்து மிதக்கின்றன.

இவ்வாறு நிகழ்வது ஓரிரு இல்லங்களில் மட்டும் அன்று. ஆதலின் இத்திங்கள் நம் பகுதியை இதற்கே ஒதுக்கியுள்ளோம். நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம்: தொட்டி வைத்த முதல் ஆறு வாரங்களுக்குள் மீன் வாடினால், கோளாறு பெரும்பாலும் மீனில் இல்லை, நீரில் இருக்கிறது. மருந்துப் புட்டியைத் தொடுமுன் வாளியைத் தொடவேண்டும்.

காரணம் இதுவே. மீன் தன் செவுள்களின் வழியாக அம்மோனியாவை இடைவிடாது வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. கழிவும், தின்னாது விட்ட இரையும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. இயற்கை நீர்நிலைகளில் நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது மிகுந்துவிடாத வரை தீங்கற்றது, செடிகளுக்கு உணவுமாகும். கடையிலிருந்து வந்த புதுத் தொட்டியிலும், அலம்பிய கூழாங்கல்லிலும், வடிகட்டியின் புதுப் பஞ்சிலும் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் இல்லை. அவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வெளியூரில் வந்து குடித்தனம் அமைத்த நம்மவருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை!

இவ்வுண்மையைப் பெரிய அளவில் காண விரும்புவோர் நகரின் கிழக்கே சென்று பார்க்கலாம். அங்கே 'பேரி' எனப்படும் மீன்குளங்களுக்குள் கொல்கத்தாவின் கழிவுநீர் பாய்கிறது. மீனவர்கள் அந்நீரைச் சின்னாட்கள் வெயிலில் ஆறவிட்டு, நுண்ணுயிர்களும் பாசியும் தம் வேலையைச் செய்த பின்னரே மீன்குஞ்சுகளை விடுகின்றனர். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரந்த இந்த ஈரநிலம் 2002-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இதன் அருமையை உலகறியச் செய்தவர் 2018-இல் மறைந்த சூழலியலாளர் துருவஜோதி கோஷ். எழுத்தறியாத மீனவர் கூடப் பொறுமையுடன் காத்திருக்கும் இடத்தில், நாம் ஒரே மாலையில் அவசரப்படுகிறோம்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். மீன் மூச்சுத் திணறினால் உடனே தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, புது நீர் ஊற்றுக. இவ்வாறு சில நாட்கள் நாள்தோறும் செய்க. காற்றுக் குழாய் இரவும் பகலும் ஓடட்டும். அம்மோனியா, நைட்ரைட் ஆகியவற்றைக் காட்டும் சோதனைத் தாள்கள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டும் சுழியமாக நிற்கும் வரை கவலை தீர்ந்ததாகக் கொள்ளலாகாது. வெப்பம் மிகுந்தால் அம்மோனியாவின் நஞ்சும் மிகும் என்பதால், சித்திரை வைகாசியில் இருமடங்கு எச்சரிக்கை தேவை.

புது நீரிலும் ஓர் ஆபத்து உண்டு. பல்டாவிலும் கார்டன் ரீச்சிலும் ஹூக்ளி நீரைத் தெளியவைத்து, குளோரின் கலந்தே மாநகராட்சி நமக்கு அனுப்புகிறது. நமக்கு நன்மை செய்யும் அந்தக் குளோரின் மீனின் செவுளை எரித்துவிடும். நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லும். ஆதலின் குழாய் நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே பயன்படுத்துக. அவசரமாயின், முன்பு புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய 'ஹைப்போ'வையே கடைக்காரர் குளோரின் நீக்கியாகத் தருவார். புட்டியில் எழுதிய அளவை மீறவேண்டாம். ஆழ்குழாய்க் கிணற்று நீராயின் அதில் குளோரின் இராது. ஆனால் உயிர்க்காற்று குறைவாகவும் இரும்பு மிகுதியாகவும் இருக்கக்கூடும். அதனையும் காற்றூட்டித் தெளியவைத்தே ஊற்றுக.

வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவுவது பெருந்தவறு. தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெல்லப் பிழிந்தால் போதும். இரையையும் குறைக்கவேண்டும். மீன் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் கெட்டுவிடாது; நம் வீட்டுப் பாட்டிமார்களை இதற்கு இணங்கச் செய்வதுதான் சிகிச்சையிலேயே கடினமான பகுதி.

ஓர் எளிய வழியும் உண்டு. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதில்லையா? அதுபோல, நோயின்றிப் பல மாதங்களாக நடந்துவரும் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய பஞ்சில் ஒரு துண்டு பெற்று, ஈரம் காயாமல் கொண்டுவந்து நம் வடிகட்டியில் வைத்தால், நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும்.

உண்மையான நோயும் வருவதுண்டு. மீனின் உடலில் ரவை ஒட்டியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி நோய். மார்கழி தை மாதங்களில், இரவுக் குளிரில் நீர் திடீரெனக் குளிரும்போது இது மிகுதியாகக் காணப்படுகிறது. இவ்வொட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கையில் எம்மருந்தும் அதனை எட்டாது. அங்கிருந்து விழுந்து, பெருகி, மீண்டும் நீரில் நீந்தும் பருவத்தில்தான் அழிக்கமுடியும். ஆகவே கப்பி, ஏஞ்சல் போன்ற வெப்பநீர் மீன்களுக்கு நீரை மெல்ல மெல்ல 30 பாகை வரை சூடாக்கி, காற்றோட்டத்தைக் கூட்டி, லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவர். புள்ளிகள் மறைந்த பின்னும் ஒரு வாரம் இதைத் தொடரவேண்டும். பலர் இடையிலேயே நிறுத்திவிட்டு மருந்தைக் குறை கூறுகின்றனர். செதிலற்ற கெளுத்தி வகைகளுக்கு இவ்வளவு உப்பு ஆகாது.

வெண்புள்ளிக்கு முழுத் தொட்டிக்கும் சிகிச்சை வேண்டும். மற்ற நோய்களுக்கு மெத்திலீன் நீலம் போன்ற மருந்துகளைத் தனி வாளியில், நோயுற்ற மீனுக்கு மட்டும் அளிப்பதே நன்று. தொட்டியில் ஊற்றினால், அரும்பாடுபட்டு வளர்ந்த நுண்ணுயிர்கள் மடிந்து, அம்மோனியா மீண்டும் ஏறும். மருந்து ஊற்றிய மறுநாள் மீன் சாவதன் மருமம் பல சமயம் இதுவே. மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைப் பொடித்துப் போடும் பழக்கத்தை நாம் அறவே வெறுக்கிறோம்.

புதிதாக வாங்கும் மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே பிறவற்றோடு சேர்க்கவும். மீன் வளர்ப்பே சலித்துப்போனால், அவற்றை ரவீந்திர சரோவரிலோ வேறு குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அவ்வாறு வெளியேறிய 'சக்கர்' கெளுத்திகள் கிழக்கத்திய மீன்குளங்களில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்; விலை தராவிட்டாலும் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.