பீரோவுக்குள் ஒரு புதையல்

திண்டிவனத்தில் இருக்கும் எங்கள் சித்தப்பாவுக்கு ஹாலிவுட் சாகசப் படம் என்றால் உயிர். 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' (1950), 'ஹட்டாரி' (1962), 'மெக்கன்னாஸ் கோல்டு' (1969) என்று கேசட், வி.சி.டி., டி.வி.டி. எல்லாம் ஒரு பீரோ நிறையச் சேர்த்திருக்கிறார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்து 1952-ல் வந்த 'தி ஜங்கிள்' மட்டும் அவருக்கு இன்னும் சிக்கவில்லை. தமிழில் 'காடு'. நம்ம ஊர் யானைகளுக்கே ரோமம் போர்த்தி, ஆதிகால மாமத் ஆக்கிய படம்!

போன மாதம் பீரோவைத் திறந்தால், கேசட் நாடாக்களில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

"படம் போனா மறுபடி டிஸ்க் வாங்கிக்கலாம். எங்க கல்யாண கேசட்டும் அதுலதானே இருக்கு!" என்று சித்தி கலங்கிவிட்டார். அதில் பேசிச் சிரிக்கும் பாட்டி இப்போது இல்லை. பாட்டியின் குரல் வேறெங்கும் பதிவாகவும் இல்லை.

விழுப்புரத்தில் வீடியோ எடுப்பவர் ஒருவரிடம் பழைய வி.சி.ஆர். இருந்தது. "நல்லவேளை, போட்டுப் பார்க்காம கொண்டுவந்தீங்க. பூஞ்சையோட ஓட்டினா நாடாவும் அறுந்துடும், ஹெட்டும் வீணாகிடும்" என்றார். சுத்தம் செய்து, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். மூன்று மணி நேரத்தில் 40 நிமிஷம்தான் தேறியது. அதில் பாட்டி இருந்தார்.

வி.சி.ஆர். செய்துவந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. மிச்சமிருக்கும் மெஷின்களும் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கிப் பாருங்கள். சினிமாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டு விசேஷ கேசட்டை முதலில் மாற்றி வையுங்கள்.