கோலம் போட்டவர் பெயர் என்ன?

அம்மா இறந்த பிறகு அவருடைய அலமாரியில் ஒரு பழைய மைலோ டின் கிடைத்தது. உள்ளே முழுக்க 555 புத்தகங்கள். மளிகைக் கடையில் கடன் எழுதி வைப்போமே, அந்தச் சின்னப் புத்தகங்கள்தான். ஒரு பக்கத்தில் மீன்காரருக்குத் தர வேண்டிய நாலு வெள்ளி. எதிர்ப்பக்கத்தில் நீல மையில் புள்ளி வைத்து, சிவப்பு மையில் இழை ஓட்டிய சிக்குக் கோலம். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘தை ரெண்டாவது வெள்ளி’, ‘ஆடிக் கடைசி வெள்ளி’ என்று குறிப்பு. எந்தக் கோலத்திலும் அவர் பெயர் இல்லை.

என் அம்மா ஒரு கலைஞர். மகள் என்பதற்காக இப்படிச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் கை வேலை செய்ததை அருகில் இருந்து பார்த்தவள் நான்.

பினாங்கு குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். விடிவதற்கு முன்பே அம்மா கடைவீட்டு முன் நடைபாதையான அஞ்சடியைக் கழுவி விட்டு, ஈரம் காய்வதற்குள் புள்ளி வைக்கத் தொடங்கி விடுவார். வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு கோலம் உண்டு. நடு வரிசையில் 15 புள்ளி, இருபக்கமும் இடைப்புள்ளியாகக் குறைந்து 8-ல் நிற்கும். கூட்டினால் 169 புள்ளி. பார்த்துப் போடத் தாள் கிடையாது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அரிசி மாவு நூலாக இறங்கும். வாய் கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுக்கும். கவசம் முடியும்போது கோலமும் முடிந்திருக்கும். நான் பக்கத்தில் குந்தி, புள்ளியைத் தள்ளி வைத்து விட்டு முழிப்பேன். “புள்ளி கோணலா இருந்தா பரவால்லம்மா, கை நிக்கக் கூடாது” என்பார். கை நின்ற இடத்தில் மாவு கொட்டி இழை தடித்து விடும். பக்கத்துக் கடைச் சீனப் பாட்டி வாசல் சாமிக்கு ஊதுபத்தி ஏற்ற வரும்போது கோலத்தைச் சுற்றிக்கொண்டு போவார். அம்மாவும் அந்தச் சாமி மாடத்தின் பக்கம் கோலத்தைக் கொஞ்சம் ஒதுக்கியே போடுவார்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளித்தேர் லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும். தேர் வரும் வழியில், தெரிந்தவர்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலுக்கு முன்னால் அம்மா ராத்திரியே படிக்கோலம் போட்டுக் காவி கட்டி விடுவார். தேர் நெருங்கியதும் தேங்காய் உடைப்பார்கள், மூட்டை மூட்டையாக. சிதறின தண்ணீரில் கோலம் கண்ணெதிரே கரைந்து போகும். எனக்கு அழுகை வரும். “சாமிக்குப் போட்டது, சாமி பாத்துட்டாரு” என்று சொல்லி விட்டு மோர் கலக்கப் போய் விடுவார்.

அந்தப் பக்தியை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பேரும் புகழும் அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததையே சாக்காக வைத்து நாம் அவரைக் கலைஞர் வரிசையில் சேர்க்காமல் விட்டோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நம் கோயில்களில் மின்விசிறிக்கும் குழல்விளக்குக்கும் நன்கொடை கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கிறது. ஆண்டுக்கணக்காக வாசலில் குனிந்து கோலம் போட்ட பெண்ணின் பெயர் எங்கே இருக்கிறது?

கோலம் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும், கோலத்தின் அமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதலாம் என்று 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட என் அம்மாவின் விரலுக்கு அந்த விதிகள் தெரிந்திருந்தன.

பழைய கடைவீடுகளின் வாடகையை ஏற விடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-ல் ரத்தாகி, 2000-ல் அதன் பாதுகாப்பு முற்றாக நீங்கியது. ஜார்ஜ்டவுனின் பழைய குடித்தனக்காரர்கள் பலரைப் போல நாங்களும் வெளியேறி, ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குப் போனோம். அங்கே வாசல் என்பது எல்லாரும் நடக்கும் பொது நடைவழி. 5 புள்ளிக்கு மேல் இடமில்லை. 169 புள்ளிக் கோலம் 555 புத்தகத்துக்குள் போனது அப்போதுதான். 2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. கடைவீடுகளின் மதிப்பு ஏறியது. அந்த அஞ்சடிகளைக் கழுவிக் கோலம் போட்ட எத்தனையோ பேர் அதற்குள் அங்கே இல்லை. கட்டடத்துக்குச் சுண்ணாம்பு பூசிப் புதுப்பிக்கலாம். கை போனால் போனதுதான்.

பேத்திக்கு அந்த நடைவழியில்தான் அவர் சொல்லிக் கொடுத்தார். பள்ளி விடுமுறையில் இருவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். என் மகள் இன்று 7 புள்ளிவரை கை நிற்காமல் போடுவாள். பெரிய கோலத்துக்கு அவளுக்குப் புத்தகம்தான் துணை. இழை எங்கே தொடங்கியது என்பது புத்தகத்தில் இல்லை, அது பாட்டியோடு போய் விட்டது.

அதனால்தான் அவசரப்படுகிறேன். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் தன் மாணவர்களின் பாட்டிமாரிடம் இருக்கும் கோலப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் படமெடுத்து, போட்டவர் பெயரையும் ஊரையும் எழுதி வைக்கட்டும். தொடங்கும் இடத்தையும் கை போகும் திசையையும் கைப்பேசியில் காணொளியாகப் பிடிக்கட்டும். கோயில் நிர்வாகங்கள் நவராத்திரி அழைப்பிதழில் உபயக்காரர் பெயருக்குப் பக்கத்தில் கோலம் போடுபவர் பெயரையும் அச்சிடட்டும்.

தீபாவளிக்குப் பேரங்காடிகளில் கோலப்போட்டி நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். வண்ண அரிசியில் மயிலும் தாமரையும் அழகுதான், இருக்கட்டும். சிக்குக் கோலத்துக்கென்று ஒரு தனிப் பிரிவு வையுங்கள். வெறும் மாவு, வெறும் கை, பார்த்துப் போடத் தாள் கூடாது. பரிசுப் பணம் குறைவாக இருந்தாலும் போகட்டும், நடுவர் நாற்காலியில் ஒரு பாட்டியை உட்கார வையுங்கள்.